ரெண்டே முக்கால் பதினெட்டு

பின்டயர் வெடித்தபோது
என் பையில் தீர்த்தகிரியின் பெயர் இருந்தது.
ஏழு தவணை பாக்கி.
கறுப்பு வண்டி, சிவப்புக் கோடு,
கண்ட இடத்தில் பிடித்து வரச் சொல்லும் தாள்.
ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் வீட்டில் இருப்பான் என்று
கம்பெனிக்குத் தெரியும்.

மாரமங்கலம் தாண்டி ஒரு மேடு.
டயரின் விலாவில் கை நுழையும் கிழிசல்,
குடல் இறங்கியவன் போல டியூப் தொங்கியது.
சேற்றைத் துடைத்து எழுத்தைப் படித்தேன்:
ரெண்டே முக்கால், பதினெட்டு.
அதையே முணுமுணுத்துக்கொண்டு தள்ளினேன்.

ஒற்றைக் கோடு சிக்னலில்
நாகலூர் ஜான் போஸ்கோ கிடைத்தான்.
"பஞ்சர்னா ஒட்டிரலாம்ணா. டயர்னா கீழதான்,
செவ்வாய்ப்பேட்டை. இன்னிக்கு லீவு வேற."
அந்தக் கோடும் போயிற்று.

எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன்
கிழிசலுக்குள் விரல் விட்டுப் பார்த்தார்,
காப்பித் தொலியைத் திணித்து ஓட்டச் சொன்னார்.
சொன்னதோடு நிற்காமல்
கூடையில் கொண்டும் வந்தார்.
இருபது கஜம் ஓடியிருக்கும்.
திரும்பிப் பார்த்தால் சாலை நெடுக
சாவு ஊர்வலத்தில் பொரி இறைத்த மாதிரி
தொலி.

மளிகைக் கடையில் சைக்கிள் டயர் தொங்கியது.
தகரக் கூரை பறக்காமலிருக்க
மேலே லாரி டயர் ஏற்றியிருந்தார்கள்.
உலகத்தில் இவ்வளவு வட்டம் இருக்கிறது.

பிறகு, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடிக்குப் பின்னால்
சாக்குப் போர்த்திய ஒன்று.
சாக்குக்குக் கீழே சிவப்புக் கோடு.
குனிந்து படித்தேன்,
நம்பர் பிளேட்டை அல்ல.
ரெண்டே முக்கால்.
பதினெட்டு.

தீர்த்தகிரி கை ஈரத்தை லுங்கியில் துடைத்தபடி வந்தான்.
என் சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனி பெயரைப் படித்தான்.
கிழிந்த டயரையும் படித்தான்.
"சாவி வேணுமா, டயர் வேணுமா?
ஏதாச்சும் ஒண்ணு கேளுங்க."

சாவி கேட்டிருக்கலாம்.
அவன் வண்டியில் நான் இறங்கினால்
என் வண்டி இங்கே நிற்கும்.
அதுவும் தவணையில் வாங்கியதுதான்,
அதே கம்பெனியில்.

வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து பூங்காவனம்:
"டயருக்கு நாள் வாடகை நாப்பது.
தவணைல கழிக்கறதெல்லாம் வேணாம்,
ரொக்கமாத் தரச் சொல்லு."

டயர் லெவர் இல்லை.
தோசைக்கரண்டி வளைந்தது,
கொடுவாளின் முதுகு வளையவில்லை.
டியூபுக்குப் பிள்ளையின் பவுடர் பூசினோம்.
காற்றடிக்கப் பள்ளிக்கூடத்துப் பந்துப் பம்பு,
கட்டைவிரல் நீளம்.
அவன் அடிக்க நான் எண்ணினேன்,
நான் அடிக்க அவன் எண்ணினான்.
நூற்று எண்பதிலிருந்து ஒரே தாவலில்
இருநூற்றுப் பத்துக்குப் போனான்.
நான் திருத்தவில்லை, தோள் வலித்தது.

அவன் வண்டி இரண்டு கருங்கல்லில் நின்றது.
கோழி ஒன்று அப்போதே
அடியில் இடம் பார்த்துவிட்டது.

இருபதாவது கொண்டை ஊசியிலிருந்து ஒன்றாவது வரை
அவன் சக்கரத்தில் உட்கார்ந்து இறங்கினேன்.
என் டயரில் அடிக்காத பிரேக்கெல்லாம்
அதில் அடித்தேன்.
கீழே சேலம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தது.

திங்கள்கிழமை, ஐந்து ரோடு ஆபீஸ்.
குலசேகரன் சார் பேனாவைத் திறந்தார்.
"வண்டியப் பாத்தியா?"
பார்த்தேன் சார்.
பின்சக்கரத்துல டயர் இல்லாம கல்லு மேல நிக்குது.
ஓடும் நிலையில் இல்லை, என்று எழுதிக்கொண்டார்.
ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
இருந்தும் மின்விசிறிக்குக் கீழே வியர்த்தது.

புதன்கிழமை செவ்வாய்ப்பேட்டை.
கூரை முட்ட அடுக்கிய டயர்கள்,
புது ரப்பரின் வாசனை தொண்டை வரை.
நூற்று இருபது ரூபாயைத் தனியே மடித்து வைத்திருந்தேன்.
மந்திரத்தைச் சொன்னேன்.
கடைக்காரர் கொக்கிக்கம்பைத் தூக்கியவர்
பாதியில் நிறுத்திக் கேட்டார்:

"ஒண்ணா? ரெண்டா?"